நம் வட்டாரத்துக்கு வந்த அணுகுண்டுகள்



நாட்டின் பாதுகாப்பு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது எல்லையில் நிற்கும் வீரனும் கடலில் உலவும் போர்க்கப்பலுமே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. நம் மண்ணில் எந்த ஆயுதம் இருக்கலாம், அதை எப்போது எடுக்கலாம் என்று தீர்மானிப்பவர் யார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று பார்ப்போம்.

அணுகுண்டு என்றால் ஹிரோஷிமா, நாகசாகி, அமெரிக்கா, ரஷ்யா என்று தொலைவிலுள்ள பெயர்களையே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஜொகூர் நீரிணையிலிருந்து சில மைல் தொலைவில், சிங்கப்பூர்த் தீவின் மேற்குப் பகுதியிலுள்ள தெங்கா விமானத்தளத்திலும் ஒரு காலத்தில் அணுகுண்டுகள் இருந்தன என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் பிரிட்டிஷ் அரசு வகுத்த திட்டம் எளிமையானது. கப்பற்படை ஐரோப்பாவில் இருக்கும். கிழக்கே ஆபத்து வந்தால் புறப்பட்டுச் சிங்கப்பூருக்கு வந்து சேரும். அதுவரை தளத்தைக் காத்துக்கொண்டால் போதும். இதற்காகச் செம்பாவாங்கில் பெருஞ்செலவில் கடற்படைத்தளம் கட்டினார்கள். ஆனால் 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது பிரிட்டிஷ் கப்பற்படைக்கு ஐரோப்பாவிலேயே கைநிறைய வேலை இருந்தது. பெரிய கப்பல்களென்று வந்தவை இரண்டே. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற அவ்விரண்டும் டிசம்பர் 10-ஆம் நாள் குவாந்தான் கடலில் விமானத் தாக்குதலால் மூழ்கின. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. (சிங்கப்பூரின் பீரங்கிகள் தரைப்பக்கம் திரும்பவே இல்லை என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. பல பீரங்கிகள் திரும்பிச் சுடத்தான் செய்தன. கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளே அவற்றுக்கு மிகுதியாக இருந்தன என்பதே குறை.) இலண்டனில் போட்ட கணக்குத் தவறியதற்கு இங்கே இருந்தவர்கள் விலை கொடுத்தார்கள். சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத தந்தையரையும் பாட்டன்மாரையும் பற்றித் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

போர் முடிந்தது; பிரிட்டிஷார் திரும்பி வந்தனர். ஆனால் வென்ற பிரிட்டன் கடன்பட்ட பிரிட்டன். பெரும் படையை வைத்துக் காக்க அதனிடம் பணமில்லை. 1957 ஏப்ரலில் தற்காப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஏறத்தாழ 6 லட்சத்து 90 ஆயிரமாக இருந்த படையினரின் எண்ணிக்கையை 1962-ஆம் ஆண்டு இறுதிக்குள் 3 லட்சத்து 75 ஆயிரமாகக் குறைப்பது என்றும், கட்டாய இராணுவச் சேவையை நிறுத்துவது என்றும் அதில் முடிவு செய்யப்பட்டது. குறையும் ஆட்களுக்கு ஈடு எது? அணுகுண்டு. அணுகுண்டுத் தாக்குதலிலிருந்து மக்களைப் போதிய அளவு காக்க அப்போது வழியில்லை என்பதையும் அதே அறிக்கை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. காக்க இயலாது, ஆகவே எதிரி தாக்கத் துணியாதபடி அச்சுறுத்தி வைப்போம் என்பதே அதன் சாரம். தற்காப்பு என்னும் சொல்லின் பொருளே இங்கு மாறிவிட்டதைக் கவனியுங்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. அக்டோபர் 12-ஆம் நாள் ஆங்கில-மலாயா தற்காப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மலாயா தாக்கப்பட்டால் பிரிட்டன் துணை நிற்கும். பிரிட்டிஷ் படைகள் இங்கே தங்கலாம். ஆனால் துங்கு அப்துல் ரஹ்மானின் அரசு ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய எட்டு நாடுகள் 1954-இல் மணிலாவில் அமைத்த சீட்டோ என்னும் கூட்டணியில் மலாயா சேரவில்லை. இதனால் ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டாயிற்று. சீட்டோ பணிக்காக மலாயாவிலுள்ள படைகளை நேராக அனுப்ப முடியாது. ஆனால் அவை முதலில் சிங்கப்பூருக்குச் சென்று, அங்கிருந்து புறப்படலாம். சிங்கப்பூர் அப்போது உள்நாட்டு ஆட்சியை மட்டுமே நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதன் தற்காப்பும் வெளியுறவும் பிரிட்டன் கையில் இருந்தன. முன்வாசலை மூடிவிட்டோம், பக்கத்து வீட்டுத் திண்ணை திறந்தே இருந்தது என்று சொல்லலாம்.

அந்தத் திண்ணையில்தான் குண்டுகள் வந்திறங்கின. சீனா தென்கிழக்காசியாவை நோக்கிப் பெரும் படையுடன் இறங்கினால் சீட்டோ நாடுகள் எப்படித் தடுப்பது என்பதே அந்நாளைய திட்டக்காரர்களின் கவலை. ஆளுக்கு ஆள் நிறுத்தப் பிரிட்டனால் முடியாது. ஆகவே ரெட் பியர்ட் என்று பெயரிடப்பட்ட அணுகுண்டுகளில் 48 வரை வைக்கத்தக்க பாதுகாப்பான கிடங்கு ஒன்று தெங்காவில் அமைக்கப்பட்டது. 1962-இல் பிரதமர் ஹெரால்ட் மெக்மில்லன் இதற்கு ஒப்புதல் அளித்தார். சைப்பிரஸ் தீவிலும் இதே வகைக் குண்டுகள் வைக்கப்பட்டிருந்தன.

இதை வகுப்பில் சொல்லும்போது ஆறாம் ஆண்டு மாணவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு பெரிசு, ஐயா?" என்பதுதான். நீளம் ஏறத்தாழ 12 அடி. எடை ஏறத்தாழ 800 கிலோ, அதாவது ஒரு சிறு காரின் எடை. அதன் ஆற்றல் 15 கிலோடன், 25 கிலோடன் என்று இருவகைப்படும். ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல். 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவில் வெடித்த குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 15 கிலோடன். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நகரில் மாண்டவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தக் குண்டைப் படைத்துறையினர் "தந்திரோபாய ஆயுதம்" என்ற வகையில் சேர்த்திருந்தார்கள். போர்க்களத்துக்கான சிறிய ஆயுதம் என்று பொருள். சிறியது என்ற சொல்லின் அளவு இதுதான்.

நேயர்களே, தெங்காவின் கதையில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது குண்டின் ஆற்றலன்று. அது இருந்த காலம். 1962-இல் சிங்கப்பூர் பிரிட்டிஷ் அரசுரிமையின் கீழ் இருந்தது. 1963 செப்டம்பர் 16-ஆம் நாள் மலேசியாவில் சேர்ந்தது. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் தனி நாடாயிற்று. மேலே பறந்த கொடி இருமுறை மாறியது. கீழேயிருந்த கிடங்கு அப்படியே இருந்தது. மலேசியா அமைவதற்கான 1963-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு, சிங்கப்பூரிலுள்ள தளங்களைப் பிரிட்டன் தொடர்ந்து வைத்துக்கொள்ள இடமளித்தது. எதற்காக? மலேசியாவின் தற்காப்புக்கு, பொதுநலவாயத்தின் தற்காப்புக்கு, தென்கிழக்காசியாவில் அமைதி காப்பதற்கு. இம்மூன்றில் கடைசியாக வரும் தொடர்தான் கவனத்துக்குரியது. சீட்டோ என்ற பெயரைச் சொல்லாமலே சீட்டோ பணிக்குக் கதவைத் திறந்துவைத்த தொடர் அது. அதற்குள் 48 குண்டுகளுக்கான கிடங்கு அடங்கியிருக்கிறது என்று அன்று செய்தித்தாளில் அவ்வொப்பந்தத்தைப் படித்த எந்தக் குடிமகனாலும் ஊகித்திருக்க முடியாது. மக்களுக்கு ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. பிரிட்டனின் பழைய இரகசிய ஆவணங்கள் வெளியாகி, 2000-ஆம் ஆண்டின் இறுதியில் செய்தித்தாள்களில் வந்த பிறகே இச்செய்தி பரவலாகத் தெரிந்தது. குண்டுகள் வந்திறங்கிய நாளில் பிறந்த குழந்தைக்கு அப்போது 38 வயது ஆகியிருக்கும்.

இரப்பரின் விலை இலண்டனில் தீர்மானிக்கப்பட்டு, அதன் விளைவு தோட்டத்து வீட்டின் அடுப்பில் தெரிந்த காலம் ஒன்று உண்டு. இதுவும் அத்தகையதே. ஆனால் விலை இறங்கினால் அன்றே நமக்குத் தெரிந்துவிடும்.

அச்சுறுத்தித் தடுக்கும் ஆயுதம் ஒரு தளத்தில் இருக்கிறதென்றால், எதிரியின் பட்டியலில் அத்தளம் முதலிடம் பெறும் என்பது படைத்துறையின் பாலபாடம். 1964 அக்டோபர் 16-ஆம் நாள் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. அதற்கு முன்பே நம் வட்டாரம் சீனாவை நோக்கிய ஒரு திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. தெங்கா தாக்கப்பட்டிருந்தால் நீரிணையின் இக்கரையில் இருந்தவர்களை எந்த ஒப்பந்தப் பிரிவு காத்திருக்கும்?

சரி, அந்தக் குண்டுகளால் பயனேதும் விளைந்ததா? சீனா அஞ்சியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நடவாத போரை வைத்து வாதிடுவது யாருக்கும் எளிது. நடந்த சண்டையைப் பார்ப்போம். 1963 ஜனவரியில் இந்தோனேசியா மலேசியத் திட்டத்தை எதிர்த்து மோதல் கொள்கையை அறிவித்தது. அந்த ஆண்டு இறுதியில் விக்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் பிரிட்டனிலிருந்து தெங்காவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் வந்தன. ஆனால் சண்டை நடந்ததோ சரவாக், சபா எல்லைக் காடுகளில். பத்துப் பேர், இருபது பேர் கொண்ட சிறு குழுக்களோடு. 1964 ஆகஸ்டு 17-ஆம் நாள் பொந்தியான் கடற்கரையில் சிலர் இறங்கினார்கள். செப்டம்பர் 2-ஆம் நாள் ஜொகூரின் லாபிஸ் பகுதியில் ஏறத்தாழ நூறு பேர் வான்குடையில் குதித்தார்கள். அவர்களைத் தேடிப் பிடித்தவர்கள் காவல்துறையினரும் கூர்க்கா, நியூசிலாந்து வீரர்களுமே. இரப்பர்க் காட்டிலும் பெருங்காட்டிலும் பதுங்கியிருப்பவர்மீது அணுகுண்டை எறிய முடியாது. மோதலை முடித்தவை காட்டில் நடந்த காவலும், ஜகார்த்தாவில் ஏற்பட்ட ஆட்சி மாற்றமும், 1966 ஆகஸ்டு 11-ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையும்தாம். நான்கு மைல் நடந்து ஓர் ஆற்றைக் கடக்கத் தெரிந்த வீரனே அன்று நமக்கு உதவினான்.

லாபிஸ் நிகழ்ச்சியை மலேசியா ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றத்துக்குக் கொண்டுசென்றது. அங்கே மலேசியாவின் சார்பில் வாதாடியவர் டாக்டர் இஸ்மாயில். பெரும்பான்மை உறுப்பினர்கள் ஆதரித்தும், சோவியத் ஒன்றியம் வீட்டோ என்னும் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியதால் தீர்மானம் வீழ்ந்தது. இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுபடியும் வருகிறார்.

1967 நவம்பரில் பவுன் நாணயத்தின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1968 ஜனவரி 16-ஆம் நாள் பிரதமர் ஹெரால்ட் வில்சன், 1971-ஆம் ஆண்டு இறுதிக்குள் பிரிட்டிஷ் படைகள் இங்கிருந்து விலகும் என்று அறிவித்தார். ஆட்களுக்குப் பதில் குண்டு என்று வந்தவர்கள், இப்போது ஆட்களையும் குண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய தற்காப்பு ஒப்பந்தம் போய், 1971 நவம்பர் முதல் நாள் ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் அதில் அடக்கம். மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் உடனே கலந்தாலோசிப்பார்கள். அவ்வளவே, படை அனுப்பியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இந்த ஏற்பாடு இன்றளவும் இருக்கிறது, கூட்டுப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. ஆரவாரமில்லாத ஏற்பாடுகளே நீடிக்கின்றன போலும்.

வில்சன் அறிவித்த அதே 1968 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசியவர் டாக்டர் இஸ்மாயில். அப்போது அவர் அமைச்சர் பதவியிலிருந்து விலகிச் சாதாரண உறுப்பினராக இருந்தார். தென்கிழக்காசியா எந்த வல்லரசின் பக்கமும் சேராத நடுநிலை வட்டாரம் ஆகவேண்டும், வல்லரசுகள் அதற்கு உறுதியளிக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. 1970-இல் துன் அப்துல் ரசாக் பிரதமரானதும் இதுவே அரசின் கொள்கையாயிற்று. 1971 நவம்பர் 27-ஆம் நாள் கோலாலம்பூரில் ஆசியானின் ஐந்து உறுப்பு நாடுகளும் இவ்வட்டாரத்தை அமைதி, சுதந்திரம், நடுநிலைமை ஆகியவை நிலவும் மண்டலமாக்க முயல்வதாகப் பிரகடனம் செய்தன. சிங்கப்பூரின் சார்பில் கையெழுத்திட்டவர் வெளியுறவு அமைச்சர் எஸ். இராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் இரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தவர் அவர் என்பதைத் தோட்டப்புற மாணவர்கள் அறிந்திருத்தல் நல்லது.

பிரகடனம் எளிது, செயல் அரிது. அப்போதும் அமெரிக்கா பிலிப்பைன்ஸில் கிளார்க் விமானத்தளத்தையும் சூபிக் கடற்படைத்தளத்தையும் வைத்திருந்தது. 1979 முதல் சோவியத் கப்பல்கள் வியட்நாமின் காம் ரான் விரிகுடாவுக்கு வரத்தொடங்கின. தம் கப்பலில் அணுகுண்டு இருக்கிறதா என்று கேட்டால் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்வதில்லை என்பது அமெரிக்கக் கடற்படையின் வழக்கம். இந்நிலையில் அணு ஆயுதமற்ற வட்டாரம் என்று பேசுவது வீட்டில் யானையை வைத்துக்கொண்டு மிருகம் நுழையக்கூடாது என்று பலகை மாட்டுவது போன்றது. பனிப்போர் முடிந்தது, 1992 நவம்பரில் அமெரிக்கர் சூபிக்கை விட்டுச் சென்றனர். அதன் பின்னரே, 1995 டிசம்பர் 15-ஆம் நாள், தென்கிழக்காசியாவின் பத்து நாடுகளும் பேங்காக்கில் கூடி அணு ஆயுதமற்ற மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1997 மார்ச் 27-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தம் சொல்வது என்ன? உறுப்பு நாடு அணு ஆயுதத்தை உண்டாக்காது, வாங்காது, வைத்திருக்காது, சோதிக்காது. அது மட்டுமன்று, தன் மண்ணில் வேறொரு நாடு அதை நிறுத்திவைக்கவும் இடங்கொடுக்காது. இரண்டாவது பகுதியைப் படிக்கும்போது எனக்குத் தெங்காவின் நினைவு வராமல் இருப்பதில்லை. 1962-இல் ஒரு பிரதமரின் ஒப்புதலோடு முடிந்த காரியம் இன்று பன்னாட்டு ஒப்பந்த மீறல் ஆகும். அணுவை ஆக்கப் பணிக்குப் பயன்படுத்துவதற்குத் தடையில்லை. பாங்கியில் 1982 முதல் மலேசியாவின் ஆய்வு அணு உலை இயங்கி வருகிறது.

ஆனால் இந்த ஒப்பந்தத்துக்கு ஒரு துணை ஏடு உண்டு. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்து அணு வல்லரசுகளும் இம்மண்டலத்தை மதிப்போம், இங்கே அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம், பயன்படுத்துவதாக மிரட்டவும் மாட்டோம் என்று அதில் கையெழுத்திட வேண்டும். 2024-ஆம் ஆண்டு முடியும் வரை ஐவரில் ஒருவர்கூடக் கையெழுத்திடவில்லை. சீனா மட்டும் விருப்பம் தெரிவித்து வந்தது. தடை என்னவென்றால், இந்த மண்டலம் நிலத்தோடு நிற்கவில்லை. கடலோரத்திலிருந்து 200 கடல்மைல் வரையுள்ள பொருளாதாரக் கடற்பகுதியும் கண்டத்திட்டும் அதில் அடங்குகின்றன. மலாக்கா நீரிணையும் தென்சீனக் கடலும் வல்லரசுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் போய்வரும் வழிகள். அவ்வழிகளில் தங்கள் கை கட்டப்படுவதை அவை விரும்பவில்லை. ஆளில்லாத காட்டை மட்டும் மண்டலமாக்கியிருந்தால் அனைவரும் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டிருப்பார்கள்.

அப்படியானால் இது வெறும் காகிதமா? சிலர் அவ்வாறு சொல்வதை நான் ஏற்பதில்லை. வல்லரசுகளின் கையெழுத்து அவர்கள் நடத்தையைக் கட்டுப்படுத்தும். நம் கையெழுத்து நம் அரசுகளைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. நாளை ஓர் அரசு அச்சத்தினாலோ ஆதாயத்தினாலோ இன்னொரு கிடங்குக்கு இடங்கொடுக்க நினைத்தால், அதை மூடி மறைத்துச் செய்ய முடியாதபடி ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன் என்று ஓராண்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தெங்காவில் இல்லாமற்போனது அந்த அறிவிப்புத்தான்.

இவ்விஷயத்தில் மலேசியா அதோடு நின்றுவிடவில்லை. அணு ஆயுதம் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற வழக்கில் 1995-இல் திஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் வாதிட்ட நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. 1996 ஜூலை 8-ஆம் நாள் வந்த கருத்துரை இரு முகம் கொண்டது. அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகப் போர்ச் சட்டத்துக்கு முரணானது என்றது. ஆனால் ஒரு நாட்டின் உயிருக்கே ஆபத்து வரும் தருணத்தில் என்ன என்று உறுதியாகக் கூற இயலவில்லை என்றது. இதில் நீதிபதிகள் எழுவருக்கு எழுவர் பிரிந்து, தலைவரின் வாக்கால் முடிவாயிற்று. அணு ஆயுதக் களைவுக்காக நேர்மையோடு பேச்சு நடத்தி அதை முடித்தும் வைக்கவேண்டும் என்பதில் மட்டும் அனைவரும் ஒன்றுபட்டனர். 2017 ஜூலை 7-ஆம் நாள் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் ஐக்கிய நாடுகளில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 122 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது நெதர்லாந்து, வாக்களிக்காமல் ஒதுங்கியது சிங்கப்பூர். மலேசியா 2020 செப்டம்பரில் அதை உறுதிப்படுத்தியது. பெரும் துறைமுகத்தை நம்பி வாழும் சிறு நாடும், பரந்த நிலமுள்ள நாடும் ஒரே கடலை வெவ்வேறு கரையிலிருந்து பார்க்கின்றன என்பதற்குமேல் இதில் குறைகூற ஒன்றுமில்லை.

உலகில் ஒன்பது நாடுகளிடம் இன்னும் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அணுகுண்டுகள் உள்ளன. 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் ஆக்கஸ் உடன்பாட்டை அறிவித்தபோது மலேசியா தன் கவலையை வெளியிட்டது. ஆஸ்திரேலியா பெறவிருப்பவை அணுவிசையால் ஓடும் நீர்மூழ்கிகள். அணுகுண்டு ஏந்துபவை அல்ல. ஆயினும் அவை ஓடப்போகும் கடல் நம் கடலுக்கு அருகிலுள்ளது.

கடைசியாக ஒன்று. பேங்காக் ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு, அயல்நாட்டுப் போர்க்கப்பல்களும் விமானங்களும் வந்துபோவதை அனுமதிப்பதா இல்லையா என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டுவிட்டது. துறைமுகத்துக்கு வரும் கப்பலிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கலாம், கேளாமலும் இருக்கலாம். நம் ஐந்து நாட்டு ஏற்பாட்டில் உள்ள நியூசிலாந்து அக்கேள்வியைக் கேட்டது. விடை கிடைக்காததால் 1985 பிப்ரவரியில் புக்கானன் என்னும் அமெரிக்கக் கப்பலுக்கு அனுமதி மறுத்தது. 1986-இல் அமெரிக்கா அந்நாட்டுக்குத் தந்திருந்த பாதுகாப்பு உறுதியை நிறுத்திவைத்தது. 1987-இல் நியூசிலாந்து தன் மறுப்பைச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. அச்சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.